மலைப்பாதையும் பால் ஜாயிண்டும்

காரின் முன்சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். ஸ்டீயரிங்குக்கு ஏற்ப இடமும் வலமும் திரும்ப வேண்டும்; மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். இந்த இரண்டு அசைவுக்கும் இடம்கொடுத்தபடியே சக்கரத்தை வண்டியோடு பிணைத்து வைத்திருப்பது பால் ஜாயிண்ட். தோளிலும் இடுப்பிலும் உள்ள பந்துக் கிண்ண மூட்டைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே விளங்கும். எஃகுத் தண்டின் முனையில் ஓர் உருண்டை, அது உட்கார ஒரு கிண்ணம், இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை, கொஞ்சம் கிரீஸ், தண்ணீரும் புழுதியும் புகாமல் மூடியிருக்கும் ரப்பர் பூட். கைக்குள் அடங்கும் பொருள்தான். அது விட்டுப்போனால் சக்கரம் ஒரு பக்கமாக மடங்கி, வண்டியின் அந்த மூலை தரையில் அமர்ந்துவிடும்.

பெரும்பாலான பால் ஜாயிண்டுகளின் முடிவு ரப்பர் பூட்டில் தொடங்குகிறது. வெயிலில் காய்ந்தோ, கல் பட்டோ ரப்பர் கிழியும். கிழிசல் வழியே மழைநீரும் மணலும் உள்ளே போகும். கிரீஸ் கழுவப்பட்டு, உருண்டை துருப்பிடித்து, பிளாஸ்டிக் உறையை அரைத்துத் தின்னத் தொடங்கும். கிண்ணத்துக்குள் இடைவெளி விழும். 'பிளே வந்துவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்ற சத்தம், நேரான சாலையில் ஸ்டீயரிங் அலைபாய்வது, டயரின் ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை அடுத்தடுத்து வரும் அறிகுறிகள். கடைசிக் கட்டத்தில் உருண்டை கிண்ணத்தைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும், அல்லது தண்டே முறியும். இந்தப் பயணம் பெரும்பாலும் மாதக்கணக்கில் நடக்கிறது. கீழே குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உற்பத்தியின்போதே உலோகத்திலோ உருண்டையின் மேற்பரப்பிலோ குறை இருந்தால், ரப்பர் கிழியாமல், சத்தமும் அதிகம் எழாமல் மூட்டு விட்டுப்போகலாம். தேய்மானம் வேறு, குறைபாடு வேறு. முன்னதற்கு வண்டி உரிமையாளரும் பணிமனையும் பொறுப்பு. பின்னதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. மின்சாரக் கார்கள் குறித்த சர்ச்சையின் பாதிக் குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

மின்சாரக் கார்களில் சஸ்பென்ஷன் மூட்டுகள் சீக்கிரம் விட்டுப்போகின்றன, ஆகவே அவை ஆபத்தானவை என்ற வாதம் உலகம் முழுவதும் சில ஆண்டுகளாக ஒலிக்கிறது. அதை எடைபோட்டுப் பார்க்கத் திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று திருமலையிலிருந்து இறங்கும் வழி. சுமார் 19 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1970-களில் வந்த இரண்டாம் பாதை ஏறும் வழி. அடிவாரத்துக்கும் மலை உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். இறங்கும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பிரேக் பிடிக்கும்போது இன்னும் சாய்கிறது. வளைவில் திரும்பும்போது அதில் பெரும்பகுதியை வெளிப்பக்க முன்சக்கரம் ஒன்றே ஏற்கிறது. சமவெளியில் ஒரு நாள் முழுக்க ஓடும் கார் சந்திக்காத அளவு பக்கவாட்டு விசையை அந்தச் சக்கரத்தின் பால் ஜாயிண்ட் ஒரு மணி நேரத்துக்குள் சந்திக்கிறது. சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகவும், வேலூரிலிருந்து சித்தூர் வழியாகவும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் இந்தப் பாதைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சித்தூரிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில் மொகிலி கணவாய், மதனப்பள்ளி சாலையில் பாகராபேட்டை கணவாய் என இந்த வட்டாரமே வளைவும் சரிவும் கொண்டது.

இதே மலையில்தான் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்காக ஒப்பந்த முறையில் வந்த 100 மின்சாரப் பேருந்துகளில் பாதி திருமலை மலைப்பாதைக்கு ஒதுக்கப்பட்டவை. 2022 செப்டம்பர் பிரம்மோற்சவத்தின்போது அவற்றின் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. மலையடிவாரத்தில் உள்ள அலிபிரி டிப்போவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அவை மலையேறுகின்றன. 2023-இல் திருமலைக்குள் பக்தர்களை இலவசமாக ஏற்றிச்செல்லும் தர்ம ரதங்களாகவும் 10 மின்சாரப் பேருந்துகள் தேவஸ்தானத்துக்கு நன்கொடையாக வந்தன.

பேருந்தையும் காரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கனரகப் பேருந்தின் முன் அச்சு பொதுவாக ஒரே கட்டையானது. சக்கரம் அதில் கிங் பின் என்ற தடித்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. எடையைத் தாங்குவது அந்த முளையும் ஏர் சஸ்பென்ஷனும்தான். பேருந்தில் பந்துக் கிண்ண மூட்டு இருப்பது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், டிராக் லிங்க் ஆகியவற்றின் முனைகளில். அங்கே மூட்டு விட்டுப்போனால் பேருந்து சாயாது, ஆனால் ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்படாது. காரில் நிலைமை வேறு. லோயர் ஆர்ம் எனப்படும் கீழ்க்கையோடு சக்கரத்தைப் பிடித்திருப்பதே பால் ஜாயிண்ட்தான். மக்பர்சன் ஸ்ட்ரட் வகைக் கார்களில் வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக இறங்குவதால் கீழ் மூட்டுக்குச் சுமை குறைவு. ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் உட்காரும் வகையில் முழு எடையும் அந்த மூட்டின் தலையில். ஆகவே 'மின்சார வண்டியின் பால் ஜாயிண்ட்' என்று ஒரே பொருள் கிடையாது. எந்த வண்டி, எந்த வடிவமைப்பு என்பதில்தான் விடை தொடங்குகிறது.

எடையைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் கிடைக்கும் ஒரே மாதிரிக் காரை எடுத்துக்கொண்டால், மின்சார வகை பொதுவாக 150 முதல் 300 கிலோ வரை கூடுதல் எடை கொண்டது. பிளாஸ்டிக் உறையின் தேய்மானம் சுமைக்கு ஏற்பக் கூடும். உலோகச் சோர்வு அதைவிட வேகமாகக் கூடும். சுமை பத்தில் ஒரு பங்கு ஏறினால் ஆயுள் அதைவிடப் பல மடங்கு விகிதத்தில் குறையும். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால் முன்னும் பின்னும் இழுக்கும் விசையும் மூட்டுகளுக்குக் கூடுதல். வடிவமைப்பாளர் இதையெல்லாம் கணக்கிட்டுப் பெரிய மூட்டைப் பொருத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. பெட்ரோல் காருக்கு வரைந்த கீழ்க்கையையே எடுத்துப் பேட்டரி வண்டிக்கும் மாட்டியிருந்தால் பிரச்சினை உண்டு.

ஆனால் 200 கிலோ என்பது மூன்று பெரியவர்களின் எடை. ஏழு பேர் அமரும் வண்டியில் பத்துப் பன்னிரண்டு பேரை நெருக்கி உட்காரவைத்து, கூரைமேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு அலிபிரி நோக்கி வரும் டீசல் வேன் அதைவிட அதிகச் சுமையைத் தன் மூட்டுகளின்மேல் ஏற்றியிருக்கிறது. பேட்டரியின் எடை வடிவமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரிந்த எடை. கூரைமேல் ஏறும் எடை அவருடைய கணக்கில் இல்லாதது.

மின்சாரக் கார்களின்மீது இந்தப் பழி விழக் காரணமான விவகாரம் அமெரிக்காவில் தொடங்கியது. 2016-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒருவரின் டெஸ்லா மாடல் எஸ் காரில் முன்சக்கரப் பால் ஜாயிண்ட் விட்டுப்போனது. வண்டி 70,000 மைலுக்கு மேல் ஓடியிருந்தது. மூட்டில் வழக்கத்துக்கு மாறான துரு இருந்ததாகவும், உரிமையாளரின் வீடு நீண்ட மண்பாதையின் முடிவில் இருப்பதாகவும் நிறுவனம் விளக்கியது. துருவைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போது வெளிவந்தது. பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டபோது, விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று பொருள்படும் ஒப்பந்தத்தில் உரிமையாளரிடம் கையெழுத்துக் கேட்டிருந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அந்த வாசகத்தைக் கண்டித்தது. பாதுகாப்புக் குறைகளை மக்கள் அரசுக்குத் தெரிவிப்பதைத் தடுக்கும் நோக்கம் தனக்கு இல்லை என்று கூறிய நிறுவனம், வாசகத்தைத் தெளிவாக்க ஒப்புக்கொண்டது. மாடல் எஸ் சஸ்பென்ஷனில் பாதுகாப்புக் குறைபாடு காணவில்லை என்று அந்த அமைப்பு அப்போது முடிவு சொன்னது.

கதை அங்கே முடியவில்லை. 2020 அக்டோபரில் சீன அரசின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் வழியாக, இறக்குமதியான மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 30,000 வண்டிகள் சஸ்பென்ஷன் இணைப்புகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்க அரசிடம் அதே நிறுவனம், குறைபாடு எதுவும் இல்லை, வண்டியை முரட்டுத்தனமாகப் பயன்படுத்துவதே காரணம் என்று எழுதியது. அடுத்த மாதமே அமெரிக்க அமைப்பு சுமார் 1,15,000 வண்டிகளின் முன் சஸ்பென்ஷன் இணைப்புகள் குறித்து விசாரணை தொடங்கியது. 2023 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, உள் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டி, சில சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்கள் அடிக்கடி பழுதாவதை நிறுவனம் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் பழியை ஓட்டுநர்கள்மேல் போட்டதாகச் சொன்னது. ஒரே பாகம் ஒரு நாட்டில் குறைபாடாகவும் மற்றொரு நாட்டில் ஓட்டுநரின் தவறாகவும் இருக்க முடியாது.

இதை மின்சாரத்தின் குற்றமாகக் கொள்வோர் 2005-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செக்கோயா, ஃபோர் ரன்னர் ஆகிய பெட்ரோல் வண்டிகளில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கீழ்ப் பால் ஜாயிண்ட் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. நம்பகத்தன்மைக்குப் பேர்போன நிறுவனம்; பேட்டரியே இல்லாத வண்டிகள்; அதே மூட்டு. டொயோட்டா வண்டிகளைத் திரும்ப அழைத்ததால் பெட்ரோல் வண்டிகள் ஆபத்தானவை என்று யாரும் முடிவு கட்டவில்லை.

உறுதியான வண்டியையும் பழுதாகும் வண்டியையும் எது பிரிக்கிறது என்பதற்கு நல்ல சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. அந்த நாட்டில் ஒவ்வொரு காரும் முதலில் மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்குப் போகிறது. சோதனை முடிவுகளைத் தொகுத்துத் தூஃப் அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2023 நவம்பரில் வந்த அறிக்கையில், இரண்டு மூன்று வயதுக் கார்களில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடத்தில் இருந்தது, சோதிக்கப்பட்டவற்றில் 14.7 சதவீதத்தில் கணிசமான குறைகள். அச்சும் சஸ்பென்ஷனும் அந்தக் குறைகளில் முக்கியமானவை. அதே அறிக்கையில் ஃபோக்ஸ்வாகனின் மின்சார கோல்ஃப் நல்ல மதிப்பெண் பெற்றது. இரண்டிலும் பேட்டரி, இரண்டிலும் கூடுதல் எடை. வடிவமைப்பும் பராமரிப்பு முறையும்தான் அவற்றைப் பிரித்தன.

பராமரிப்பு என்ற சொல்லில் கவனம் நிற்க வேண்டும். பெட்ரோல் கார் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றப் பணிமனைக்குப் போகிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று ஆயிலை வடிக்கும் மெக்கானிக், கிழிந்த ரப்பர் பூட்டைக் காண்கிறார். யாரும் கேட்காமலேயே நடக்கும் சோதனை அது. மின்சாரக் காரில் வடிக்க ஆயில் கிடையாது. பிரேக்கும் குறைவாகத் தேய்கிறது. 'பராமரிப்பே தேவையில்லை' என்ற விற்பனைப் பேச்சை நம்பி உரிமையாளர் வருடக்கணக்கில் பணிமனைப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். எஞ்சின் போனதும் எஞ்சினோடு வந்த சோதனையும் போய்விட்டது. மின்சாரக் காரின் பால் ஜாயிண்ட் உண்மையில் ஆபத்தாகும் இடம் இதுதான். எடைக் கூடுதலால் மூட்டு சீக்கிரம் தேயும். அதைப் பார்க்க ஆள் இருக்க மாட்டார். மறுபக்கம் ஒரு நன்மையும் உண்டு. எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில் 'டொக்' என்ற அந்த முதல் சத்தம் தெளிவாகக் கேட்கும். கேட்டதும் போய்க் காட்டுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

மலை இறக்கத்தில் மின்சார வண்டிக்கு இன்னொரு சாதகமும் சேர்கிறது. ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள கார் 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பெட்ரோல் காரில் அதன் பெரும்பகுதி எஞ்சினின் தடையாலும் பிரேக்கின் உராய்வாலும் வெப்பமாகிறது. கியரை நியூட்ரலில் போட்டு இறங்குபவர்களின் பிரேக் காந்தி வாடை வீசுவது மலைப்பாதைகளில் புதிதல்ல. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒரே நிபந்தனை, பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்கினால் மோட்டாரின் பிடிப்பு வலுவிழக்கும். மற்றபடி, இறக்கத்தில் பிரேக் செயலிழப்பது என்ற பழைய அபாயத்தை மின்சார வண்டி குறைக்கவே செய்கிறது. பால் ஜாயிண்ட் தொடர்பான கூடுதல் தேய்மானத்தை ஒரு தட்டில் வைப்பவர்கள் இதை மறு தட்டில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் மின்வாகன பயம் நெருப்பைச் சுற்றியே வளர்ந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். சித்தூருக்குப் பக்கத்து ஊரில் நடந்த அந்தத் துயரத்துக்கும், அதே காலத்தில் பிற மாநிலங்களில் நடந்தவற்றுக்கும் பிறகு மத்திய அரசு பேட்டரிக்கான ஏஐஎஸ் 156, ஏஐஎஸ் 038 தரநிலைகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தியது. சரியான நடவடிக்கை. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள்மேல் அந்தக் கவனம் திரும்பவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டர்களின் முன் ஃபோர்க் முறிந்ததாகப் பல உரிமையாளர்கள் புகார் கூறிய பிறகு, 2023 மார்ச்சில் அந்த நிறுவனம் பழைய வண்டிகளுக்கு மேம்படுத்தப்பட்ட ஃபோர்க்கை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. பாகத்தில் குறை இல்லை, உரிமையாளர்களின் மனநிறைவுக்காகவே மாற்றுகிறோம் என்ற நிலைப்பாட்டோடுதான் அதையும் செய்தது. அரசின் திரும்ப அழைப்பு ஆணையாக அது வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடப்பில் உள்ளன. தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை. இருந்தும் இரண்டு ஓட்டைகள். விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். மேலும், விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்த பிறகே கட்டாய நடவடிக்கை தொடங்கும். பால் ஜாயிண்ட் முறிந்தால் அதைப் பள்ளத்தில் விழுந்த விபத்தாக எழுதிக்கொண்டு போகும் நாட்டில் அந்த எண்ணிக்கை எளிதில் சேராது.

வழக்கமான சோதனையின் நிலை இன்னும் மோசம். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை அதன் அடிப்பகுதியைப் பார்க்கும்படி எந்தச் சட்டமும் கேட்பதில்லை. வாடகை வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று. தினமும் மலை ஏறி இறங்கும் டாக்சிக்கு இரண்டு ஆண்டு என்பது லட்சம் கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய காலம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் இந்திய மின்சாரக் கார்கள் ஐந்து நட்சத்திரம் பெற்றிருப்பது பெருமைக்குரியது. ஆனால் அந்தச் சோதனை புது வண்டியைச் சுவரில் மோதிப் பார்ப்பது. மூன்றாம் ஆண்டில் மூட்டு எப்படியிருக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை.

மூட்டைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்ட வேண்டும். ஒரு கம்பியைக் கீழ்க்கைக்கு அடியில் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து ரப்பர் பூட்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு ஐந்து நிமிடம். இந்த மூட்டுகளைத் தயாரிக்கும் தொழிலும் தொலைவில் இல்லை. சென்னையின் ரானே மெட்ராஸ் பல பத்தாண்டுகளாக ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைச் செய்துவருகிறது. தரமான பாகம் கிடைக்கிறது, மாற்றத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. விலை குறைந்த போலிப் பாகத்தை மாட்டுவதும், கீழ்க்கையோடு சேர்த்தே மாற்ற வேண்டிய மூட்டைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்வதும்தான் ஒழிய வேண்டியவை.

ஆகவே கேள்விக்கான விடை இது. பால் ஜாயிண்ட் பழுது மின்சாரக் காரை ஆபத்தான வாகனமாக்கவில்லை. அந்தப் பழுது எந்த வண்டிக்கும் வரும். மின்சார வண்டிக்குச் சற்று முன்னதாக வரலாம். ஆபத்து கூடுவது தயாரிப்பாளர் பழுதை மறைக்கும்போதும், உரிமையாளர் பணிமனையை மறக்கும்போதும், அரசு 15 ஆண்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதும்.

அலிபிரியில் ஒவ்வொரு வண்டியும் ஏற்கெனவே நின்றுதான் போகிறது. பைகள் இறக்கிச் சோதிக்கப்படுகின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்த ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று நேரக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே வந்து சேர்பவருக்கு அபராதம். இவ்வளவு ஒழுங்கு உள்ள இடத்தில், மலைப்பாதையில் தொழில்முறையாக ஓடும் டாக்சி, வேன், பேருந்து அனைத்துக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாட்டைத் தேவஸ்தானமும் ஆந்திரப் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து கொண்டுவர வேண்டும். பெட்ரோல், டீசல், மின்சாரம் என்ற வேறுபாடு அதில் வேண்டாம். சொந்தக் காரில் வரும் குடும்பங்கள், புறப்படுவதற்கு முந்தைய நாள் பக்கத்துப் பணிமனையில் வண்டியைத் தூக்கி நான்கு சக்கரத்தையும் ஆட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.